பதினான்கு சட்டைகள்

துவைத்துப் போகாதவை இரண்டு:
கோல்கீப்பர் முழங்கையில் ஏறிய புல்லின் பச்சை,
லைப்சிக்கின் கரி.
கொடியில் போட்ட வெள்ளைச் சட்டைமேல்
பழுப்பு நிலக்கரித் தூள்
நாலு மணிக்கெல்லாம் வந்து உட்காரும்,
அழைக்காத சம்பந்தி மாதிரி.
உதறுவேன். மறுபடி துவைப்பேன்.
என் பெயர் கெர்லிண்டே வுட்கே.
பதினெட்டு வருடம்
ஒரு நாட்டின் வியர்வை
என் கைவழியாகத்தான் போனது.

ஹாம்பர்க் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.
எழுபத்து நாலு, ஜூன்.
அந்த ஜெர்மனியை ஒரே ஒரு கோலில் வென்று வந்தார்கள்.
ஊரே கோலைப் பற்றிக் கேட்டது.
என்னிடம் வந்தவர் (நல்ல கோட்டு, மெல்லிய குரல்)
சட்டைகளின் எண்ணிக்கையைக் கேட்டார்.
ஒன்று குறைந்தது.
மூட்டையின் அடியில் ஒன்று கூடுதலாகவும் கிடந்தது,
நம் சோப்பு வாசனை இல்லாத ஒன்று.
"சுருங்கிவிட்டது ஐயா, தரை துடைக்கக் கிழித்தேன்" என்றேன்.
எழுதிக்கொண்டார்.
அந்த வேற்றுச் சட்டையை மூன்று நாள் ஊறவைத்தேன்.
அழுக்கொன்றும் இல்லை,
ஒளிக்க வேறு இடம் இல்லை.

மொன்றியாலில் தங்கம் வாங்கினார்கள்.
தங்கத்தை நான் பார்க்கவில்லை,
காலுறைகள் வந்தன.

தோற்றவற்றையும் நானே துவைத்தேன்.
தோற்ற சட்டை கனக்கும் என்று
கவிதை எழுதுகிறவர்கள் சொல்லக்கூடும்.
அதே எடைதான்.
மழை பெய்திருந்தால் கனக்கும்.

சுவர் திறந்த ஆறாம் நாள்
வியன்னாவில் மூன்று பூஜ்யம்.
அந்த மூட்டையில், ஒரு காலுறைக்குள்,
மடித்த முகவரி அட்டை.
பார்க்காமல் தண்ணீரில் போட்டுவிட்டேன்.
லெவர்குசனா, ப்ரேமனா,
எண்ணெல்லாம் கரைந்து நீலமாகிவிட்டது.
யாரும் வந்து கேட்கவில்லை.
ஒருவனுடைய வாழ்க்கையை
அலசி ஊற்றிவிட்டேனோ என்று
இரவில் சிலசமயம் எழுந்து உட்காருவேன்.

தொண்ணூறு செப்டம்பரில் தொலைபேசி ஓயவில்லை.
முழங்கால். கணுக்கால். மனைவி.
புது கிளப் விடமாட்டேன் என்கிறது.
ஒவ்வொருவராகக் கை கழுவினார்கள்.
கழுவுவதைக் குறை சொல்ல நான் யார்?

ப்ரஸ்ஸல்ஸுக்குப் போனது பதினான்கு பேர்.
என் கணவர் எக்கார்ட்
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டார்:
"மூன்று வாரத்தில் செத்துப்போகிற நாட்டுக்கு
ஆட்டம் ஒரு கேடா?"
முதல் கோல் விழுந்ததும் கத்தி நின்றது.
இரண்டாவதில் எழுந்தே நின்றார்.
இரண்டு பூஜ்யம், நமக்கு.
அன்று உருளைக்கிழங்கு வேகவே இல்லை.

மூட்டை திரும்பி வந்தது.
பதினான்கு அழுக்கு,
மற்றவை மடிப்புக் கலையாமல்.
கலையாதவற்றையும் துவைத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

அக்டோபர் மூன்று, நள்ளிரவில் வாணம் விட்டார்கள்.
விடிந்தபோது நாடு இல்லை.
கொடியில் சட்டைகள் இருந்தன.
சங்கம் மட்டும் நவம்பர் வரை நின்றது,
வீடு இடிந்த மனையில் கதவு நிற்பதுபோல.
அந்த நவம்பரில் இங்கேயே ஓர் ஆட்டம்,
அவர்களும் நாமும்,
தேதிகூடக் குறித்திருந்தார்கள்.
கலவரத்துக்குப் பயந்து ரத்து.
செய்தி வந்தபோது அண்டாவில் தண்ணீர் கொதித்தது.
கொதித்த தண்ணீரை வீணாக்க மனம் வரவில்லை.

நெஞ்சில் பதித்த எழுத்து உரியாமலிருக்க
சட்டையை உள்வெளியாகத் திருப்பித்தான் போடவேண்டும்.
அப்படியே போட்டேன்.
சாயம் வெளுத்துப்போன தேசம் என்று
தொலைக்காட்சியில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.
அந்தச் சாயம் எனக்குத் தெரியும்.
முதல் மூன்று துவைப்பில் கொஞ்சம் போகும்,
பிறகு போகாது.

கணக்குப் புத்தகத்தின் கடைசிக் கட்டம்:
பெற்றுக்கொண்டவர் கையொப்பம்.
வெறுமையாக விட்டேன்.
எழுபத்து நாலின் அந்த வேற்றுச் சட்டையையும்
பெட்டியடியிலிருந்து எடுத்து, சேர்த்து எண்ணினேன்.
எண்ணிக்கை சரியாக வந்தது.

நாலு மணி ஆகப்போகிறது.
கொடியிலிருந்து எடுக்கவேண்டும்.