கை விரித்தல்

ஏலத்தில் பேசப் பதினைந்து சொற்கள்.
ஒன்றிலிருந்து ஏழு, நாலு சாதி, துரும்பில்லை,
பாஸ், டபிள், ரீடபிள்.
அதற்குமேல் ஓர் இருமல்கூடக் குற்றம்.
அந்தப் பதினைந்தை வைத்துக்கொண்டு
இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தினோம்,
திங்கள் வியாழன் மாலைகளில்,
பம்பலப்பிட்டியில்
ரயில் போகும்போதெல்லாம்
அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுக்கும் ஒரு மேல்மாடியில்,
பத்மாசனி வைத்திலிங்கமும் நானும்.
நேரில் ‘நீங்கள்’தான்.
இங்கே மட்டும் அவள்.

அவள் வருமானவரி. நான் காப்புறுதி.
அவள் ஆடுவாள். நான் டம்மி.
பதின்மூன்று சீட்டையும் மேசையில் பரப்பிவிட்டு
வாயை மூடிக்கொண்டிருப்பது என் உத்தியோகம்.
கை விரிப்பதென்றால் ஊரில்
இல்லை என்று சொல்வது.
எங்கள் மேசையில்
இருப்பது இவ்வளவுதான், எடுத்துக்கொள் என்பது.

வெற்றிப் பலகையில் ஒன்பது தடவை அவள் பெயர்,
தங்கப் பெயின்றில், நாலுவிதமான எழுத்துக்கூட்டலில்.
ஒரு வருடம் ஓர் எழுத்து கூட,
மறு வருடம் வாலே இல்லை.
“நாலு பேரும் கெட்டிக்காரிகள்” என்பாள்.
எண்பத்து மூன்றுக்கு நேரே ஒரு கோடு மட்டும்.
அதைப்பற்றி மேசையில் யாரும் வாய் திறப்பதில்லை.

ஒருமுறை ஆறு இஸ்கோப்பன்.
துரும்பு ராணி எந்தப் பக்கமென்று தெரியாது.
மூன்று நிமிடம் கூரை விசிறியையே பார்த்திருந்தாள்.
பிறகு பெரிய விதானகேயின் கையிலிருந்து
ராணியைப் பல் பிடுங்குவதுபோல் பிடுங்கினாள்.
ஆட்டோவில் சொன்னாள்:
“மனுசன் தேத்தண்ணிக்கு ரெண்டாந்தரம் சீனி போட்டவர்.
ஆனா அதை நான் கணக்கிலை எடுக்கேல்லை.
எண்ணித்தான் பிடிச்சனான்.”

டம்மிக்கும் ஒரு வாக்கியம் அனுமதி உண்டு.
ஆடுபவர் அதே சாதி போடாமல் விட்டால்
மெல்லக் கேட்கலாம்:
“ஆட்டின் இல்லையா, பார்ட்னர்?”
அவ்வளவே.
ஒருநாளும் நான் கேட்டதில்லை.
வரிக்கந்தோர்க்காரியிடம் ரசீது கேட்பதா?

பத்தாவது கோப்பை. கடைசி இரவு.
கரண்ட் போய், ஜெனரேட்டரின் சோர்ந்த மஞ்சள் வெளிச்சம்.
நாலு இஸ்கோப்பன்.
சின்ன விதானகே ஆட்டின் ஏஸ் வைத்தார், பிறகு ராஜா.
இரண்டாவதை அவள் துரும்பால் வெட்டினாள்.
வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்தது,
திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது.
பன்னிரண்டாம் பிடியில் அவள் விரலிலிருந்து இறங்கியது
டைமன்களுக்குள் டைமனாய் நின்றிருந்த
ஆட்டின் நாலு.
சிவப்புக்குள் சிவப்பு.

விதானகே வாய்திறக்க முன்னம்
அவளே கையை உயர்த்தி டிரெக்டரைக் கூப்பிட்டாள்.
இரண்டு பிடி எதிர்ப்பக்கம் போயிற்று.
கோப்பையும்.

ஆட்டோவில் வழக்கமாக
எல்லாக் கைகளும் திரும்ப ஆடப்படும்.
அன்று வெள்ளவத்தைப் பாலம்வரை ஒன்றுமில்லை.
பாலம் தாண்டியதும்,
“இடக்கண்ணிலை ஒரு வருசமாப் புகைச்சல்.
ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”
கொஞ்ச தூரம் போய்,
“நீங்கள் கேட்டிருக்கலாம், சிவலோகன்.”

மாசியில் மெல்பேனுக்குப் போனாள், மகனிடம்.
கண் வெட்டி லென்ஸ் வைத்தாயிற்றாம்.
ஆட்டம் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை,
அங்கே மாம்பழம் விலை என்று மட்டும் இருந்தது.

இப்போது வியாழன்களில் நிசாம்தீனோடு ஆடுகிறேன்.
நல்ல மனிதர், நிதானம் போதாது.
அவர் வெட்டும் ஒவ்வொரு பிடிக்கும்
கேட்டுவிடுகிறேன்:
இல்லையா, பார்ட்னர்?
இல்லை, இல்லை என்கிறார்
எரிச்சலோடு,
சீட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.