பழுப்பு அல்ல, பச்சை

செவ்வாய்க்கிழமைகளில் ஹெல்வே பாடப் போய்விடுவாள்.
பத்தொன்பது ஆண்டுகளாக
வில்யாந்தியின் பாதிக் கச்சேரிகளில்
மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்து
கை தட்டியிருக்கிறேன், மற்றவர்கள் தட்டும்போது.

இரண்டு எஞ்சினை ஒன்றாக ஓடவிடுங்கள்,
எதில் வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவேன்.
நாற்பது பேர் சேர்ந்து பாடினால்
எனக்கு நாற்பதும் ஒரே கஞ்சி.

டிப்போவில் பெயின்ட் அடிக்கும் கிரிகோர்
ஒரு நிரல் கொடுத்தான்.
பாட்டைப் போட்டால் படம் ஓடும் என்றான்.
சமையலறை மேசை, மடிக்கணினி,
ஓரமாக ஒதுக்கிய உருளைக்கிழங்குத் தோல்.
கறுப்புத் திரையில்
வலமிருந்து இடமாக நகரும் பட்டைகள்:
நீளச் சுரத்துக்கு நீளப் பட்டை,
குட்டைச் சுரத்துக்கு ஒரு கடுகு.
குரல் ஏறினால் மேலே, இறங்கினால் கீழே.
நடுக்கோட்டைத் தொடும் நொடியில்
ஒவ்வொன்றும் எரிந்து அணையும்.

முதல் இரவு வெறும் வாணவேடிக்கை.
மூன்றாம் இரவு
மஞ்சள் ஒரு படிக்கட்டு ஏறியது.
உச்சியைத் தொடுவதற்குள்
நீலம் அதே படிக்கட்டை
கீழ்த்தளத்திலிருந்து ஏறத் தொடங்கியது.
ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.
பிறகு திரையைத் துண்டால் மூடிவிட்டுக் கேட்டேன்.
இருந்தது!
மாடிப்படியில் இரண்டு ஜோடிக் கால்கள்.
ஐம்பத்திரண்டு வயதில் எழுந்து நின்று
குளிர்ப்பெட்டியின் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

பழுப்பு மட்டும் எங்கும் ஏறவில்லை.
மற்றவை தாவித் தாவி ஓட
அது உறைந்த ஏரியாகக் கிடந்தது,
ஒரே உயரத்தில், கட்டம் கட்டமாக.
முப்பத்தோராம் கட்டத்தில்
அரைச் சுரம் இறங்கியது.
அவ்வளவுதான்.
மேலே எந்தப் பட்டையும் அசையவில்லை.
ஆனால் யாரோ விளக்கைத் தணித்ததுபோல்
பாட்டு முழுவதும் வேறு வீடாகிவிட்டது.

இதுதான் அவள் என்று முடிவு செய்தேன்.
'ராத்திரி முழுக்க ஒரே சுரமா?'
கல்யாணமான புதிதில் கேட்டவன் நான்.
அன்று அவள் பதில் சொல்லவில்லை,
ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தாள்.
இப்போது பேருந்துக்கு அடியில் மல்லாந்து கிடந்து
அந்த அரைச் சுரத்தை முனகுகிறேன்.
முகத்தில் எண்ணெய் சொட்டுகிறது.

பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள்.
'முப்பத்தோராம் கட்டத்தில் இறங்குகிறாயே,' என்றேன்,
'அடேயப்பா, எப்படி இறங்குகிறாய்!'
ஒரு கையுறை கழற்றி, மறு கையுறை கழற்றாமல்
திரையைக் குனிந்து பார்த்தாள்.
'பழுப்பு டெனர்.
அது பல் மருத்துவர் யூலோ.'

மூன்று வாரம் நான் உருகியது
என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவனிடம்.

அவள் சிரித்த சிரிப்பில்
கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.
'நான் பச்சை,' என்றாள் மூச்சு திரும்பியதும்.
பச்சையா?
மஞ்சளின் அடியில் ஒட்டிக்கொண்டே போனதே,
நிழல் என்றல்லவா நினைத்தேன்.
ஈர விரலை வைத்துக் காட்டினாள்:
இங்கே மஞ்சளோடு மோதுகிறேன், வேண்டுமென்றேதான்.
இங்கே எல்லோரும் நீட்டி நிற்க
நான் மட்டும் நடக்கிறேன்.
இங்கே மூச்சு வாங்குகிறேன்,
இதை உன் பெட்டி வரையவில்லை.

பட்டை அறுபடாமல் போய்க்கொண்டிருந்தது.
விரல் விட்டுப்போன நீர்த்துளிக்குள்
நான்கு நிறமும் நுழைந்து
வளைந்து வெளியே வந்தன.

'முதலிலிருந்து போடு.'
சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது,
இருவரும் எழவில்லை.
பச்சையைப் பிடித்தேன், நழுவியது.
மறுபடி பிடித்தேன். பக்கத்தில் அவளும் மெல்லப் பாட,
எது திரையில், எது தோளருகில்
என்று ஒரு கணம் தெரியவில்லை.

யூலோவிடம் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.
அந்த அரைச் சுரம் இன்னமும்
அழகாகத்தான் இருக்கிறது.