கால் திரும்பிய நேரம்

கெமியார்வியில் குளிர்கிறது என்று சொன்னால்
யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.
மைனஸ் முப்பதில் எல்லாருக்கும்தான் குளிரும்.
நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்,
சவுனாவின் மேல்படியில்
கொதிக்கும் கல்லில் நீர் ஊற்றி ஊற்றி
உர்போ தாங்காமல் வெளியே ஓடிய பிறகும்
என் முழங்கால்கள் மட்டும்
ஏரிக்கடியில் கிடப்பவைபோல் இருந்த
அந்தச் சனிக்கிழமை வரை.

தபால் வண்டி ஓட்டுகிறேன். நூற்றுப் பதினான்கு பெட்டிகள்.
எந்த மூடி உறைந்து ஒட்டும்,
எந்த நாய் குரைக்காமல் கடிக்கும்,
எல்லாம் மனப்பாடம்.
அந்தக் குளிர்காலத்தில் பெயர்கள் நழுவத் தொடங்கின.
லொஹினிவா வீட்டு மின்கட்டணச் சீட்டை
எதிர்வீட்டில் போட்டேன், அடுத்த மாதமும்.
வண்டியை ஓரங்கட்டி
ஐந்தே நிமிடம் என்று கண்ணை மூடினால்
விழிக்கும்போது கண்ணாடி முழுக்கப் பனி பூத்திருக்கும்.

எங்கள் சுகாதார நிலையத்தில்
மூன்று வாரத்துக்கு ஒரு டாக்டர்.
இருட்டு, என்றார் ஒருவர். விளக்கு வாங்குங்கள்.
வாங்கினேன். அதன் முன்னால் உட்கார்ந்தே தூங்கினேன்.
அடுத்தவர் என் வயதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.
கொஞ்சம் குறைத்துச் சாப்பிடலாமே, என்றார் இன்னொருவர்.
பாதித் தட்டுதான் சாப்பிட்டேன்;
மீதியைச் சாப்பிட்ட நாய் இளைத்தேதான் இருந்தது.
இருபத்தொரு கேள்விகள் உள்ள தாளையும் நிரப்பினேன்.
எதிலும் ஆர்வம் இல்லையா?
இருக்கிறது, எழுந்து போய் எடுக்கத்தான் முடியவில்லை
என்று எழுத அதில் கட்டம் இல்லை.

ஜூன் வந்தது. சூரியன் மறையவே இல்லை.
கம்பளிக் காலுறையோடு நான்.
இருட்டு என்றவர் எந்த ஊரில் இருந்தாரோ.
தொலைபேசியில் என் குரல் கேட்டு
‘உர்போவா?’ என்றாள் என் தங்கை.

பெருவிரல் மரத்துப்போனதற்குத்தான் கடைசியில் போனேன்.
டாக்டர் ரீகோனென், சின்னப் பெண், காலுறைகள் ஜோடி மாறியிருந்தன.
விரலைப் பார்த்தார். புருவத்தைப் பார்த்தார்,
பாதியில் நின்றுபோன ஓரத்தை.
நாற்காலியில் மண்டியிடச் சொல்லி
குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டினார்.

பாதம் உதைத்தது.
பிறகு,
அவசரமே இல்லாமல்,
கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவள்
வீட்டுக்கு நடப்பதுபோல்
பழைய இடத்துக்கு வந்தது.

‘இன்னொரு முறை’ என்றார்.
அதே நடை.

கழுத்தைத் தொட்டு, எச்சில் விழுங்கச் சொன்னார்.
கணினியில் வெகுதூரம் பின்னால் போனார்.
நான்கு வருடத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை:
எல்லைக்குச் சற்று மேல். மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கவும்.
யார் பார்க்க வேண்டும் என்று இல்லை.
முகவரி எழுதாத கடிதம்,
என் பெயர் போட்ட கோப்பிலேயே.

இரண்டு நாளில் அழைத்தார். எழுபத்தெட்டு.
நாலையொட்டி இருக்க வேண்டியதாம்.
கழுத்துச் சுரப்பிக்குத் தலையிலிருந்து போகும் தாக்கீது அது,
பதில் வராததால் மேலும் மேலும் அனுப்புகிறது, என்றார்.
அதை எனக்கு விளக்கவே வேண்டாம்.
நிரம்பி வழியும் பெட்டி எனக்குத் தெரியும்.
மூன்றாம் நாள் இறங்கிப் போய்க் கதவைத் தட்டுவோம்.

நான் அழவில்லை.
கோபம்கூடத் தாமதமாகத்தான் வந்தது,
வியாழக்கிழமை, உருளைக்கிழங்கு உரிக்கும்போது.

மாத்திரை சிறியது. வெறும் வயிற்றில்.
காபி அரை மணி கழித்து;
இந்த ஊரில் அதுதான் கசப்பு.
உர்போ உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டபடி
கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருப்பேன்.
அளவை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள்.
புருவம் இன்னும் வரவில்லை. பெயர்கள் வருகின்றன,
சில, அந்த வீட்டைக் கடந்த பிறகு.

சில இரவுகளில் சமையலறை நாற்காலியில் மண்டியிட்டு
மரக்கரண்டியை உர்போவிடம் நீட்டுகிறேன்.
தட்டுகிறான்.
சீக்கிரம் திரும்பியதா?
தெரியலையே, என்கிறான்,
நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
இன்னொரு முறை.