பின்கழுத்து

முடிவெட்டும் சவரிராஜ் முதலில் அழுக்கென்றே நினைத்தார்.
ஈரப் பஞ்சால் என் பின்கழுத்தைத் தேய்த்தார்.
இன்னொரு முறை தேய்த்தார்.
பிறகு கண்ணாடியில் என் கண்ணைப் பார்க்காமல்
"டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டுங்கண்ணே" என்றார்.

ஐம்பத்தொரு வயது வரை
என் பின்கழுத்தை நான் பார்த்ததில்லை.
பஸ்ஸில் பின்னால் பார்க்க எத்தனையோ கண்ணாடிகள்.
ஒன்றிலும் அது தெரிவதில்லை.

உட்லண்ட்ஸ் பாலிகிளினிக்.
வரிசை எண் 4073.
"சர்க்கரை இன்னும் வரல" என்றார் டாக்டர் கோ.
நான் எழுந்துவிட்டேன்.
"உட்காருங்க. இன்சுலின் தட்டுது,
செல் கதவைத் திறக்கல."

அது எனக்கு உடனே புரிந்தது.
எங்கள் புளோக், பதினோராம் மாடித் தாழ்வாரம்.
மணி அடிக்கிறான் டெலிவரி பையன். பதிலில்லை.
கம்பெனி இன்னொருவனை அனுப்புகிறது,
பிறகு ஒன்பது பேரை.
செருப்பு அலமாரியை மறைத்துக் குவிகின்றன பொட்டலங்கள்.
அத்தனை பேரும் சும்மாவா திரும்பிப் போவார்கள்?

இன்சுலின் சர்க்கரை தூக்கும் கூலி மட்டுமில்லையாம்.
வளர் என்றும் சொல்லுமாம்.
தசை காதைப் பொத்திக்கொண்டது.
குடலின் உட்சுவரோ
சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை.
வளர் என்றால் வளரும்.

"இதனாலதான் அதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.
ரெண்டையும் அடிக்கடி ஒரே வீட்டுல பார்க்கிறோம்.
ஐம்பது தாண்டிட்டீங்க, மலம் சோதிச்சீங்களா?"

சோதனைப் பெட்டி ஃபிரிட்ஜின் மேல் ஏழு மாதமாக இருந்தது,
மைலோ டின்னுக்கும் பழைய நாட்காட்டிக்கும் நடுவில்.
அங்கயற்கண்ணி அதைத் துடைத்துத் துடைத்து வைப்பாள்,
ஒரு வார்த்தை பேசாமல்.

முந்தின இரவு இரண்டு லிட்டர்.
எலுமிச்சை என்று எழுதியிருந்தது, கடல் மாதிரி கரித்தது.
விடியும்வரை கழிவறைக்கும் கட்டிலுக்கும்
ஷட்டில் பஸ் ஓட்டினேன்,
பயணி நானே.

அரை மயக்கத்தில் திரையைப் பார்த்தேன்.
விளக்குப் போட்ட இளஞ்சிவப்புச் சுரங்கம்.
ஒரு வளைவு. இன்னொரு வளைவு.
இத்தனை வருடம் ஓட்டிய ஆள் நான்,
என் வழித்தடத்தையே இன்றுதான் பார்க்கிறேன்.
"அதோ" என்றார் நர்ஸ் ஹஸ்லினா.

சின்னக் காளான். காம்போடு நின்றது.
அதற்கும் ஒரு கழுத்து இருந்தது.
கம்பி வளையம் போய் அதைச் சுற்றி இறுக்கியது.
வலிக்கவில்லை.
வலித்திருந்தால் அது யாரென்று தெரிந்திருக்கும்.
தட்டையாக இன்னொன்று, சற்றுத் தள்ளி.
அதையும் எடுத்தார்கள்.

கெட்டது இல்லை என்று அறிக்கை வந்தது.
விட்டிருந்தால் ஆகியிருக்கலாம்.
மூன்று வருடம் கழித்து வரச் சொன்னார்கள்.

இப்போது டெப்போவுக்கு இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடக்கிறேன்.
கடையில் கோப்பி ஓ கோசோங் என்கிறேன்.
மெய் லான் அக்கா குவளையை வைத்துவிட்டு
என் முகத்தையே பார்க்கிறாள்,
யாரோ செத்துப்போன மாதிரி.

நேற்று ராத்திரி கேட்டேன்,
கழுத்து எப்படி இருக்கு என்று.
"கொஞ்சம் வெளுத்திருக்கு" என்றாள் அங்கயற்கண்ணி.
விளக்கைப் போடாமலே சொன்னாள்.
விரலால் தடவிப் பார்த்துச் சொன்னாள்.