அட்டவணை இரண்டு

வியாழன்தோறும் குளச்சலிலிருந்து
முதல் பஸ்ஸில் வந்துவிடுவார் ததேயுஸ்.
கையில் மீன் ஏலக் கணக்கு நோட்டு.
உள்ளே ஏலம் இருக்காது.

"ராத்திரி ரெண்டே கால். கச்சான்.
பொம்பளக் குரல். வலையை அறுத்துக் களை என்றது.
அறுக்கல்ல."

தக்கலை ஆஸ்பத்திரியில் என் மேசைக்கு
ஒரு கால் குட்டை.
அதன் அடியில் மடித்துச் செருகியிருப்பது
என் பழைய ஆய்வுக் கட்டுரை.

பதினோரு வருஷம்
அந்த நோட்டைக் கட்டங்களாக்கினேன்:
நேரம், குரல், கட்டளை, மாத்திரையின் அளவு.
குளோசபின் தொடங்கியபின்
வெள்ளணுக்களுக்கும் ஒரு கட்டம்.
ஊசிக்குக் கை நீட்டும்போது
முகத்தைத் திருப்பிக்கொள்வார்,
சுறாவைக் கொக்கியிலிருந்து கழற்றிய மனுஷன்.

குரல்கள் தேய்ந்தன. தீரவில்லை.
"இப்பம் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி, டாக்டரே.
பாட்டு மனசிலாகாது."

கட்டுரை அச்சில் வந்ததும் காட்டினேன்.
அட்டவணை இரண்டு, நூற்றுப் பதினேழு:
இது நீங்கள்.
விரலை அங்கேயே வைத்திருந்தார்.
பெயரைக் கேட்பார் என்று
பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"பேரு கெடக்கட்டு.
காத்து எங்க?"

வாடை, கொண்டல், கச்சான்.
ஒவ்வொரு வரியிலும் எழுதியிருந்தார்.
மீன்பிடிக்காரரின் பழக்கம் என்று
ஒவ்வொரு வரியிலும் தாண்டிப் போயிருந்தேன்.

ஓய்வு பெற்று இது மூன்றாம் மாதம்.
நோட்டுகள் பதினான்கும் என் வீட்டில்.
முதல் பக்கத்திலிருந்து
ஒரு கட்டம் கூடுதலாகப் போடுகிறேன்.

நேற்று ஆரல்வாய்மொழி தாண்டும்போது
பஸ் ஷட்டர் படபடவென்று அடித்தது.
நடத்துனர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை.

மூணே முக்கால்.
மேற்கிலிருந்து.