கட்சி தாவிய வாக்கியம்

என் இயந்திரத்தில் இருபத்திரண்டு விசைகள்.
மௌனத்துக்கு ஒன்றுகூட இல்லை.
அதனால் அன்று காலை
நீதிபதி அகஸ்டஸ் ரென்
முதல் பதிலுக்கு முன்
ஒன்பது நொடி தண்ணீர்க் குவளையைப் பார்த்திருந்தது
பதிவில் ஏறவில்லை.

வாஷிங்டன். செனட் கட்டடத்தின் இரண்டாம் மாடி.
அறையெங்கும் ஈரக் கோட்டுகளின் வாடை.
வெளியே மார்ச் மழையில்
வேண்டும் என்றொரு கூட்டம், வேண்டாம் என்றொரு கூட்டம்,
இரண்டும் ஒரே கடையில் வாங்கிய
ஒரே கறுப்புக் குடைகளோடு.

நீள மேசைக்கு வலப்புறம் டகெட்.
இடப்புறம் மாரோ.
எதிரே தனி நாற்காலியில் அந்த மனிதர்.
அவர் முதுகுக்குப் பின்னால் மனைவியும்,
புதுச் சட்டையின் காலர் அரிக்க
நெளிந்துகொண்டிருந்த கடைசி மகனும்.

டகெட் தொண்டையைச் செருமினார்.
"தேர்தல் வாசலில் நிற்கிறது.
முதலில் மக்கள் பேசட்டும்.
அதுவரை அந்த ஆசனம் காலியாகவே இருக்கட்டும்."

என் விரல்கள் நின்றன.
இல்லை, நிற்கவில்லை; நிற்க அவற்றுக்கு அனுமதி கிடையாது.
ஆனால் அந்த வாக்கியம் அவற்றுக்குத் தெரிந்திருந்தது.
பழகிய படிக்கட்டை இருட்டில் ஏறும் பாதம்போல
சொல் வருமுன்பே
சொல் விழும் இடத்தில் போய் இறங்கின.

எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே அறை.
வேறு அதிபர், வேறு நீதிபதி.
அன்று அதைச் சொன்னவர் மாரோ.
"வாசலில்" என்ற சொல்கூட மாறவில்லை.
அன்று டகெட்தான் மேசையைத் தட்டி
"காலி ஆசனம் நீதி வழங்காது" என்றார்.
இன்று மாரோ அதையே சொன்னார்,
தட்டாமல், கொஞ்சம் துக்கத்தோடு.

பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன்,
இந்த மன்றத்தில் ஒருவரும் கட்சி தாவியதில்லை.
வாக்கியங்கள்தான் தாவுகின்றன.
இரவோடிரவாக மூட்டை கட்டி
நடைபாதையைக் கடந்து
எதிர்வரிசையில் போய் உட்கார்ந்து
அங்கேயே பிறந்து வளர்ந்ததுபோல் பேசுகின்றன.

"அந்த விவகாரம் என்முன் வழக்காக வரக்கூடும்,
ஆகவே கருத்துச் சொல்வது முறையாகாது."
முதல் நாள் மட்டும் நாற்பத்தொரு முறை.
கடைசி மகன் தூங்கிப்போனான்.
பால்பண்ணைக் கழிவு ஆற்றில் கலந்த வழக்கில்
இருபது வருடத்துக்கு முன் அவர் எழுதிய தீர்ப்பை
பாதி அறை கிழித்தது, மீதி அறை தைத்தது.
அந்த ஆற்றின் பெயரை
யாரும் சரியாக உச்சரிக்கவில்லை.
எழுத்துக்கூட்ட நான்தான் வரைபடம் தேடினேன்.

இரண்டு வாரம் கழித்து வாக்கெடுப்பு.
அதற்குப் பத்து நிமிடம் முன்,
நொறுக்குத்தீனி இயந்திரத்தின் பக்கத்தில்,
டகெட் கட்சியின் ஈடித் கொய்ன்
சுவரில் சாய்ந்து, காதில் போனோடு:
"அவர் நல்லவர். அதைத்தான் சொல்கிறேன்."
அப்புறம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.
அப்புறம் "சரி."
அப்புறம், எதுவும் கேட்கப்படாமலே, இன்னொரு "சரி."
என்னைப் பார்த்ததும்
பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார்.
ஒன்று எடுத்துக்கொண்டேன்.

பெயர்கள் வாசிக்கப்பட்டன.
ஆம். இல்லை. ஆம். ஆம். இல்லை.
கதவு திறந்து மூடுவதுபோல.
"திருமதி கொய்ன்?"

இங்கே சிரிப்பு என்று குறிக்கலாம்,
கைதட்டல் என்று குறிக்கலாம்,
கூச்சலுக்கும் ஓர் அடைப்புக்குறி உண்டு.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்ட அந்த நேரத்தை
எதில் போட்டு மூடுவது?

"இல்லை."

பத்துக்குப் பதினொன்று.
ரென் எழுந்து இரு வரிசைக்கும் நன்றி சொன்னார்.
அதைப் பதிவு செய்தேன்.
பெயர்ப்பலகையைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.
அதைச் செய்யவில்லை.

இரவு பிழை திருத்தி முடித்ததும்
என் சொற்பட்டியலில் ஒரு புதுக் குறுக்கம் சேர்த்தேன்:
இனி ஒரே தட்டில் விழும்,
தேர்தல் வாசலில் நிற்கிறது, முதலில் மக்கள் பேசட்டும்.
பேசியவர் பெயருக்கான இடத்தை மட்டும்
காலியாக விட்டேன்.

மழை விடவில்லை.
படிக்கட்டில் யாரோ மறந்துபோன குடை,
எந்தக் கூட்டத்தாருடையதோ.
விரித்துப் பார்த்தேன். ஒரு கம்பி வளைந்திருந்தது.
பிடித்துக்கொண்டு
ரயில் நிலையத்துக்கு நடந்தேன்.