மூச்சைப் பிடி

பிரகாசத்தை நூறுக்கு ஏற்றினேன்.
நார்வேயின் வடக்கு மேட்டில், ஏப்ரல் கடைசியில்
நூறு என்பது
ஒன்றுமில்லை.

திரையில் தெரிந்தது என் மூக்கு.
மூக்குக்குப் பின்னால் ஒரு மேகம்.
மேகத்துக்கு அந்தப் பக்கம் எங்கோ
இன்னும் ஏழு தவணை பாக்கியிருக்கும் ட்ரோன்
என் கட்டைவிரல் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு
எனக்குத் தெரியாத எதையோ
பார்த்துக்கொண்டிருந்தது.

தொப்பியைக் கழற்றிக் குடையாகப் பிடித்தேன்.
மேலிருந்து வருவதைத் தொப்பி மறிக்கும்.
பனியிலிருந்து எழுந்து வருவதை?
நவம்பரில் எங்களைவிட்டுப் போன வெயில்
வட்டியோடு திரும்பி வந்து
காலடியிலும் ஒன்று, தலைக்கு மேலும் ஒன்று.

யோவ்ஸெத் எட்டிப் பார்த்தான்.
"செத்துப்போச்சு. கன்னங்கரேல்னு இருக்கு."
பட்டணத்தில் வாங்கிய விலை கூடிய கறுப்புக் கண்ணாடி அவனுக்கு.
தலையைச் சாய் என்றேன். சாய்த்தான்.
"அட, உயிர் வந்துடுச்சு."
நிமிர்ந்தான், செத்தது. சாய்ந்தான், பிழைத்தது.
அண்டங்காக்கை மாதிரி கழுத்தை ஒடித்து ஒடித்து
அவன் விளையாடியதில்
எட்டு சதவீதம் போயிற்று.
குளிரில் பேட்டரி, சம்பளப் பணம் போல.

ஆற்றில் பனிப்பாளம் விரிசல் விடும் சத்தம்
விடியலிலிருந்து கேட்கிறது.
மந்தையிலிருந்து பின்தங்கிய பதினொன்று
எந்தக் கரையில் நிற்கின்றன என்று தெரியவேண்டும்,
அவ்வளவுதான்.
பதினொன்றும் சினை.

அப்போதுதான் காரென் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கினாள்.
என் நாத்தனார்.
டிசம்பரில், பட்டியில்,
ஒரு கன்றின் காதுவெட்டு யாருடையது என்று தொடங்கி
என் சமையல்வரை போன பேச்சு.
அதற்கப்புறம் பேச்சே இல்லை.
இன்றும் ஒன்றும் சொல்லவில்லை. கோட்டைக் கழற்றினாள்,
என் தலைமேல் போட்டாள்.
பார்க்கவேண்டியது தனக்கும்தான் என்பதால்
தானும் உள்ளே வந்தாள்.

இருட்டு.
டீசல், அடுப்புப்புகை, நேற்றைய மீன்.
முழங்காலில் பனி கரைந்து ஏறியது.
கண்ணுக்குள் ஊதா வளையங்கள் கொஞ்சநேரம் நீந்தி
ஒவ்வொன்றாய் அணைந்தபின்
உலகம் ஓர் உள்ளங்கை அகலத்தில் வந்தது:
பிர்ச் மரங்களின் நிழல் நீலமாய்,
கிளை கிளையாய்;
நரி நடந்துபோன தையல்;
ஆறு, நடுவில் கிழிந்து, கறுப்பாக.

என்ன அழகு என்று வாய்திறந்துவிட்டேன்.
திரை முழுக்க ஆவி.
"மூச்சைப் பிடி" என்றாள்.
நான்கு மாதத்தில் அவள் என்னோடு பேசியது அது.
பிடித்தேன். அவளும் பிடித்தாள்.
கையுறை விரலால் ஆவியைத் துடைத்து
கன்னத்தில் கன்னம் உரச
ட்ரோனைத் தள்ளினோம்,
கிழக்கே, இன்னும் கொஞ்சம் கிழக்கே,

அங்கே.
காப்பித்தூள் சிந்தினாற்போல்.
எங்கள் கரையில்.

உனக்கு எத்தனை பனிமான் என்று
ஒருவரை ஒருவர் கேட்பது எங்களிடம் மரியாதை இல்லை.
வங்கிக் கணக்கைக் கேட்பது மாதிரி அது.
பழக்கதோஷம், இந்தப் பதினொன்றையும்
உதடசையாமல் தனித்தனியே எண்ணினோம்.
இருபது சதவீதம் என்று கருவி கத்தியது.

வெளியே வந்ததும் வெளிச்சம் அறைந்தது.
இருவரும் ஒரே நேரத்தில் தும்மினோம்.
யோவ்ஸெத் அண்ணாந்து
தலையைச் சாய்த்துச் சாய்த்து
வானத்தில் ட்ரோனைத் தேடிக்கொண்டிருந்தான்.

"பத்து" என்றாள் காரென்.
எனக்குப் பதினொன்று.
"நீ எண்ணினதில் ஒன்று கல்."
"கல் காதை ஆட்டாது."
டிசம்பராக இருந்தால் இதுவே போதும்,
ஒரு வருடம் ஓட்டியிருப்போம்.
அவள் ஆற்றைப் பார்த்தாள், பிறகு என்னை.
ஸ்கூட்டரின் பின்னிருக்கையிலிருந்த கயிற்றைத் தள்ளிவிட்டு
"ஏறு, கல்லா என்று பார்த்துவிடலாம்" என்றாள்.

வெறும் கம்பளிச் சட்டையோடு அவள் ஓட்ட,
அவள் கோட்டு என் தோளில்
படபடத்துக்கொண்டே வந்தது.